ஹே, வைக்கோல், பதர்: ஒரு பழமொழிப் பொருத்தம் பற்றிய குறிப்பு

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். தாளடி அறுப்பு முடிகிற நேரம். திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. இடது பக்கம் ஆங்கிலப் பழமொழிகள், வலது பக்கம் தமிழ்ப் பழமொழிகள், கோடு போட்டுப் பொருத்த வேண்டும். ‘மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்’ என்பதிலிருந்து ‘காற்றுள்ள போதே தூற்றிக்கொள்’ என்பதற்கு ஒரே இழுப்பில் கோடு போட்டுவிட்டாள். சரியான விடைதான், மதிப்பெண் கிடைக்கும்.

போட்டு முடித்த பிறகு கேட்டாள்: “மாமா, ஹேன்னா என்ன?”

“வைக்கோல்.”

“வைக்கோலை எதுக்கு வெயில்ல செய்யணும்? நெல்லு அறுத்தா அதுவா வராதா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கேள்வி இன்னும் மோசம். “தூத்தறதுன்னா திட்டறதுதானே? காத்தடிக்கும்போது யாரைத் திட்டணும்?”

காவிரிப் பாசனத்து ஊரில், நெல் விளைகிற வீட்டில் பிறந்த பிள்ளை. வாசலுக்கு எதிரே தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு எங்கள் நெல்லே காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே உட்கார்ந்து கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் தூற்றுவது நின்றுபோய்விட்டது.

இந்தக் குறிப்பு அந்த இரண்டு கேள்விகளுக்கும் நான் தேடிய பதில். தேடிப் போனதில் அந்தக் கோட்டின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதையும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஹே

நான் சொன்ன பதில் தப்பு. ஹே என்பது வைக்கோல் இல்லை. நெல்லோ கோதுமையோ அடித்த பிறகு மிஞ்சுகிற தாளுக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரா என்று பேர். நம்முடைய வைக்கோல் அதுதான். ஹே என்பது தீவனத்துக்காகவே வளர்த்து, விதை முற்றுவதற்கு முன்னால் பசுமையாக அறுத்து, வெயிலில் உலர்த்தின புல். வைக்கோல் ஒரு விளைச்சலின் மிச்சம். ஹேயோ தானே ஒரு விளைச்சல். அதனால்தான் அதைச் ‘செய்ய’ வேண்டியிருக்கிறது. பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி.

ஹே என்ற சொல்லின் பழைய ஜெர்மானிய வேருக்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். நாம் அறுத்த தாளைக் கைப்பிடி கைப்பிடியாக வயலில் போடுவதை ‘அரி’ என்கிறோமே, அதுவும் அரிதல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியிலும் அரிவாள் பட்ட இடத்திலிருந்தே பெயர் பிறந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பனிக்காலம் முழுக்கப் புல் வளராது. மாட்டுக்கும் குதிரைக்கும் அந்த மாதங்களுக்கான தீனியை ஜூன், ஜூலையிலேயே சேர்த்து வைத்தாக வேண்டும். அறுத்த புல்லில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் போர் போட முடியும். அதற்குச் சில நாள் தொடர்ந்து வெயில் அடிக்க வேண்டும், புல்லைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். அந்த ஊர்க் கோடையில் மழை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈரத்தோடு போர் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே சூடு ஏறும், சில சமயம் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். போர் போனால் பனிக்காலத்தில் மாடு போகும். பழமொழிக்குப் பின்னால் இருக்கிற பயம் இது.

பழமொழிக்கு வயது ஐந்நூறுக்கு மேல். 1509இல் வந்த அலெக்சாண்டர் பார்க்லேயின் ‘முட்டாள்களின் கப்பல்’ மொழியாக்கத்திலேயே வெயில் இருக்கும்போது ஹே வேலை பார்க்காதவனைப் பற்றிய பேச்சு இருக்கிறது. 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த ஆங்கிலப் பழமொழி நூலில் ஏறக்குறைய இன்றைய வடிவிலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கேட்பவர்களுக்கு அது உவமையே கிடையாது, அந்த வாரத்து வேலை.

அடுத்து களம்

இப்போது வலது பக்கத்துப் பழமொழி. தூற்றுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சம்பா அறுப்பு தை மாசியில். அறுத்த கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுவந்து தலையடி அடிப்பார்கள். கட்டைத் தூக்கித் தரையில் ஓங்கி அடிக்க, பெரும்பாலான நெல் உதிர்ந்துவிடும். ஒட்டியிருக்கிற மிச்சத்துக்காகத் தாளைப் பரப்பி அதன்மேல் மாடுகளைச் சுற்றி ஓட்டுவது போரடித்தல். அந்தக் காலத்தில் யானை கட்டிப் போரடித்தார்கள் என்று இன்றைக்கும் மேடையில் பெருமை பேசுகிறோமே, அந்தப் போரடி.

இதெல்லாம் முடிந்தபின் களத்தில் கிடப்பது நெல் மட்டும் இல்லை. நெல்லோடு பதர், கருக்காய், உமித்தூசு, தாள் துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கும். முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கி, காற்றுக்குக் குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். கனமான நெல் நேராகக் காலடியில் விழும். பதர் தள்ளிப் போய் விழும். தூசு பறந்துவிடும். நெல் விழுந்து குவிந்த குவியலுக்குப் பொலி என்று பேர். பொலி தூற்றுதல் என்றே இந்த வேலையைச் சொல்வார்கள்.

இதற்கு வெயில் இருந்தால் போதாது. காற்று வேண்டும், அதுவும் ஒரே திசையில், ஒரே சீராக. சுழற்காற்றாக இருந்தால் பதர் திரும்பப் பொலிமேலேயே வந்து விழும். காற்று விழுந்துவிட்டால் முறத்தால் விசிறித்தான் ஓட்ட வேண்டும், கை ஓய்ந்துவிடும். தை மாசியில் வழக்கமாகவே வெயில் இருக்கும், அதை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. காற்றுதான் வரும், நிற்கும், திரும்ப வரும். ராத்திரி பத்து மணிக்குக் காற்று எழுந்தாலும் எழுந்து போய்த் தூற்றியதாக என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆக, தன் ஊரில் எது அரிதோ அதைப் பழமொழி பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அரிது வெயில், நமக்கு அரிது காற்று. பாடப்புத்தகம் இரண்டையும் கோடு போட்டுச் சேர்க்கும்போது ‘வாய்ப்பைத் தவறவிடாதே’ என்ற சாரம் மட்டும் கோட்டின் வழியாக வருகிறது. வானிலை, வேலை, பயம் எல்லாம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விடுபட்டுவிடுகின்றன. ‘இரும்பு சூடாக இருக்கும்போதே அடி’ என்ற கொல்லன் பட்டறைப் பழமொழியைப் பொருத்தியிருந்தாலும் வாத்தியார் சரி போட்டிருப்பார்.

பிள்ளையின் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தூற்றுதல் என்றால் இறைத்துப் பறக்கவிடுதல். பதரைக் காற்றில் விடுவதும் ஒருவருடைய பேரைக் காற்றில் விடுவதும் ஒரே சொல். முதல் பொருளுக்கான வேலை கண்ணை விட்டுப் போனதும் இரண்டாவது பொருள் மட்டும் அவளுக்குத் தெரிகிறது.

‘கொள்’ என்ற துணைவினை

பொருத்தத்தில் எனக்கு இன்னொரு உறுத்தல். ஆங்கிலத்தில் இருப்பது ‘ஹே செய்’ என்ற வெறும் ஏவல். தமிழில் ‘தூற்று’ என்று இல்லை, ‘தூற்றிக்கொள்’ என்று இருக்கிறது. சமைத்தான் என்பதற்கும் சமைத்துக்கொண்டான் என்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ‘கொள்’ வந்தால் செயலின் பயன் செய்கிறவனுக்கே போகிறது. உனக்காகத் தூற்று, உன் பங்கை நீ பத்திரப்படுத்து என்பதுதான் பழமொழி சொல்வது.

அப்படியானால் யாரைப் பார்த்துச் சொல்கிறது? பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் களத்தில் முறம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் பொலிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. பண்ணையாட்கள், வாரக்குடிகள். அவர்கள் தூற்றினார்கள், தூற்றிக்கொண்டது வேறொருவர். தூற்றி முடித்து மரக்காலால் அளந்த பிறகுதான் கூலி நெல், அதுவும் மேற்பார்வை பார்க்கிறவர் கண் முன்னால். வாரக்குடிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது கிடைக்க வேண்டும் என்பதற்கே 1952இல் தஞ்சாவூருக்கென்று தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பின்னால் இருந்த நீண்ட தகராறிலும் கூலி நெல் இருந்தது.

அதனால் இதை ‘தமிழனின் பொதுவான உழைப்பு ஞானம்’ என்று சொல்லும் விளக்கங்களைப் படிக்கும்போது எனக்கு ஒப்புவதில்லை. ‘கொள்’ என்று சொல்லும் இடத்தில் இருந்தவருக்கு அது ஞானம். முறம் பிடித்தவருக்கு அது அடுத்தவர் வீட்டு அறிவுரை.

இந்தச் சுயநலச் சாயல் இன்றைய பேச்சிலும் தொடர்கிறது. ‘காத்துள்ளபோதே தூத்திக்கிட்டான்’ என்று யாரைப் பற்றியாவது சொன்னால் அவர் உழைப்பாளி என்று அர்த்தமில்லை. பதவியில் இருந்தபோது சுருட்டிக்கொண்டார் என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்திலும் இதே சறுக்கல் நடந்திருக்கிறது. இன்றைய செய்தித்தாள்களில் எதிர்க்கட்சி ‘ஹே செய்தது’ என்றால் அடுத்தவன் கஷ்டத்தில் ஆதாயம் தேடியது என்று பொருள். ஒரு காலத்தில் ‘ஒன்றை ஹேயாக்குவது’ என்றால் அதைத் தாறுமாறாகக் கலைத்துப் போடுவது என்றுகூட வழங்கியிருக்கிறது. வயலை விட்டு வெளியே வந்த பிறகு இரண்டு பழமொழிகளும் ஒரே மாதிரி கெட்டிருக்கின்றன. பாடப்புத்தகத்துப் பொருத்தம் உண்மையிலேயே பொருந்துவது இந்த இடத்தில்தான், ஆனால் இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தருவதில்லை.

இப்படிப் பழமொழிக்குப் பழமொழி நிறுத்தும் ஆசை நமக்குப் பழக்கமானதுதான். பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு அச்சிட்டார். ஹெர்மன் யென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்புப் போட்டார். அவர்கள் வெளியாட்கள், தமிழைப் புரிந்துகொள்ள அந்த வேலை தேவைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அதையே ‘பொருத்துக’ என்று கொடுப்பதில் புரிந்துகொள்ளும் பாதி காணாமல் போகிறது.

காற்று போய் வெயில் வந்தது

இதுவரை சொன்னது பழைய கதை. என்னை இந்தக் குறிப்பு எழுத வைத்தது இதற்குப் பிறகு நடந்தது.

1960-61இல் பேக்கேஜ் திட்டம் என்று பேசப்பட்ட தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டிலேயே ஆடுதுறை 27 வந்தது. குறுகிய கால ரகம், குறுவைக்கு ஏற்றது. குறுவைப் பரப்பு பெருகியது. சங்கடம் என்னவென்றால் குறுவை அறுப்பு புரட்டாசி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிற வாசலில். ஈர நெல் மலைபோலக் குவிந்தது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வியிலிருந்துதான் 1967இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி தொடங்கியது. பல பெயர் மாறி இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்று நிற்கிற நிறுவனத்தின் வேர் அது. அரை நூற்றாண்டுக்கு முன்பே டெல்டாவின் தலைவலி காற்றிலிருந்து ஈரத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது.

பிறகு அறுப்பு மிஷின் வந்தது. டயர் வண்டி, சேற்றுக்குப் பெல்ட் வண்டி. அது அறுக்கும்போதே அடித்து, உள்ளே இருக்கிற விசிறியாலும் சல்லடையாலும் தூற்றி, நெல்லைத் தொட்டியில் கொட்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் தூசுக்குக் கொள்முதல் நிலையத்தில் மோட்டார் வைத்த தூற்றும் இயந்திரம் இருக்கிறது. காற்றுக்காக இனி யாரும் ராத்திரியில் எழுந்திருக்க வேண்டாம்.

ஆனால் மிஷின் உலர்த்தாது. முன்பு அறுத்த அரி வயலில் கிடந்து காயும், கட்டு களத்தில் கிடந்து காயும், அடிப்பதற்குள் நெல் பாதி உலர்ந்திருக்கும். இப்போது காலையில் நின்ற பயிர் மத்தியானம் மூட்டைக்கு வந்துவிடுகிறது, 20, 25 விழுக்காடு ஈரத்தோடு. அரசுக் கொள்முதலுக்கு வரம்பு 17. ஈரமானியின் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டு அது காட்டுகிற எண்ணைப் பார்க்கும் அந்த அரை நிமிஷத்தில்தான் ஒரு போகத்தின் தலையெழுத்து இருக்கிறது. ஈரமாகக் குவித்து வைத்தால் நெல்லும் ஹே போலவே உள்ளே சூடேறும், மஞ்சள் பாயும், முளைவிடும்.

அதனால்தான் தார்ச்சாலையில் நெல். பழைய களங்கள் பல இடங்களில் மனையாகிவிட்டன, இருப்பவை போதவில்லை. கிடைத்த சாலையில் கொட்டி, காலாலேயே கோடு கிழித்துத் துழாவி, மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தை மாசி வெயிலையும் முன்போல நம்ப முடியவில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பருவம் தப்பிய மழை அறுப்பு நேரத்துச் சம்பாவை நனைத்துச் சாய்த்தது. ஒவ்வொரு முறையும் வரம்பை 22 வரை தளர்த்துங்கள் என்று மாநில அரசு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் எங்களுக்கு ஒரு பருவ நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது.

சித்தப்பாவிடம் பழமொழிக் கதையைச் சொன்னேன். நெல்லைத் துழாவிக்கொண்டே சிரித்தார். “காத்துக்குக் காத்திருந்த காலமெல்லாம் போச்சு தம்பி. இப்ப வெயிலுக்குல்ல காத்திருக்கோம்.”

அதாவது, இன்றைய காவிரி டெல்டாவுக்குப் பொருந்துவது இடது பக்கத்து ஆங்கிலப் பழமொழிதான். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் குடியானவன் அண்ணாந்து பார்த்த அதே கவலையோடு சித்தப்பா வானத்தைப் பார்க்கிறார். அவனுக்கு 20 விழுக்காடு, இவருக்கு 17. நான் தப்பாகச் சொன்ன பதில்கூட இப்போது பாதி உண்மையாகிவிட்டது. மிஷின் இறைத்துவிட்டுப் போகிற வைக்கோலைச் சுருட்டிக் கட்ட பேலர் வண்டி வருகிறது. வைக்கோல் காய்ந்திருந்தால்தான் கட்ட முடியும், மழைக்கு முன் கட்டினால்தான் விலை. வெயிலுள்ளபோதே வைக்கோல் செய்கிறோம்.

யார் மேல் பழி

அப்படியானால் வலது பக்கத்தை அழித்துவிடலாமா? என் ஆட்சேபம் இரண்டு பக்கத்தின் மேலும் இருக்கிறது.

இரண்டு பழமொழியும் கேட்பவரைப் பார்த்து விரலை நீட்டுகின்றன. காற்று வந்தது, நீ தூற்றவில்லை. வெயில் அடித்தது, நீ உலர்த்தவில்லை. நஷ்டம் வந்தால் காரணம் உன் சோம்பல். பழைய களத்தில்கூட இது முழு உண்மை இல்லை, தூற்றியவனுக்குப் பொலி சொந்தமில்லை என்று பார்த்தோம். இன்றைக்கு இன்னும் கோணல். வெயில் அடிக்கும்போதே உலர்த்தியாகிவிட்டது, ஈரம் 17க்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, அடுக்க இடமில்லை என்று நாலு நாள் நெல் திறந்தவெளியில் கிடந்தால்? ஐந்தாம் நாள் மழை பெய்தால்? உலர்த்தினவன் உலர்த்தினது வீண். அவனிடம் போய் வெயிலுள்ளபோதே வேலையை முடித்திருக்கலாமே என்று சொல்ல எந்தப் பழமொழிக்கும் உரிமை இல்லை.

தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் ‘விவசாயிகள் திட்டமிட்டு அறுக்க வேண்டும்’ என்று சொன்னதைக் கேட்டபோது எனக்கு இந்தப் பொருத்துகப் பயிற்சிதான் ஞாபகம் வந்தது. வேலையைப் பார்க்காமல் அதன் சாரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் பேச வரும்.

அக்கா மகளுக்கு நான் கடைசியில் செய்தது இதுதான். கோட்டை அழிக்கச் சொல்லவில்லை, மதிப்பெண் போய்விடும். முறத்தில் இரண்டு பிடி நெல்லோடு ஒரு பிடி பதரைக் கலந்து மாடிக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் நல்ல காற்று. தலைக்கு மேலே தூக்கிச் சரிக்கச் சொன்னேன். முதல் தடவை எல்லாம் அவள் தலையிலேயே கொட்டியது. மூன்றாவது தடவை பதர் தனியாகப் போய் விழுந்தது. “அட, தானாப் பிரியுது!” என்றாள்.

அதற்குள் சித்தப்பா கீழேயிருந்து கூப்பிட்டார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயைப் பிடிக்க ஆள் போதவில்லை.